கிராமத்துக் கூரைப் பாலம்: வரலாற்றைத் தேடும் முறையும் காக்கும் முறையும்

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் கிராமத்துச் சாலைகள் ஆற்றைக் கடக்கும் இடங்களில், இரு பக்கமும் பலகை அடைத்து மேலே சரிவான கூரை போட்ட மரப்பாலங்களை இன்றும் பார்க்கலாம். வெர்மான்ட்டில் மட்டும் ஏறத்தாழ நூறு பாலங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் ஊர்த் தச்சர்கள் கட்டியவை. பலவற்றின் மீது இப்போதும் கார்கள் ஓடுகின்றன. இலையுதிர் காலத்தில் படம் எடுக்க வருவோர் ஏராளம். ஆனால் ஒரு பாலத்தைத் தேர்ந்துகொண்டு, அது எப்போது, யாரால், எந்த முறையில் கட்டப்பட்டது என்று தேடி, ஊராரோடு சேர்ந்து அதை அடுத்த நூறு ஆண்டுகளுக்கு நிற்க வைக்க உழைப்போர் சிலரே. அந்தச் சிலரில் ஒருவராக விரும்புவோருக்காக, குறிப்பாக அந்த மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களுக்காக, இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

கூரைப் பாலம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியது அன்று. இலங்கையில் பதுளை மாவட்டத்தின் ஹாலி-எல பக்கம், போகொட விகாரையை ஒட்டி ஓடு வேய்ந்த பழைய மரப்பாலம் ஒன்று நிற்கிறது. அதன் மரமும் தச்சு முறையும் வேறு. ஆனால் மழைக்கு எதிராக அது கையாளும் தற்காப்பு இதேதான்.

கூரை எதற்காக என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

குதிரைகள் ஓடும் தண்ணீரைக் கண்டு மிரளாமல் இருக்கவே கூரையும் பக்கப் பலகையும் அமைத்தார்கள் என்றும், வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கவே அமைத்தார்கள் என்றும் பலவாறு சொல்லப்படுவதைக் கேட்பீர்கள். அவை பாலத்தின் பயன்களாக இருந்திருக்கலாம், காரணம் அவையல்ல. பாலத்தின் பாரம் முழுவதையும் ஏற்று நிற்பவை இரு பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும் மரச் சட்டகங்கள். மழையிலும் பனியிலும் திறந்து கிடந்தால், அந்தச் சட்டகங்களின் மூட்டுகளில் நீர் தங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மரம் இற்றுவிடும். கூரை அந்த நீரைத் தடுக்கிறது. பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றின் மீது திமத்தி பாமர் கட்டி 1805இல் திறக்கப்பட்ட பெரிய மரப்பாலத்துக்கு, பாலக் குழுமத்தின் தலைவராக இருந்த நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ் வற்புறுத்தியதால்தான் கூரை போடப்பட்டது. அமெரிக்காவில் கூரைப் பாலம் என்ற வழக்கம் பரவியதற்கு அதுவே தொடக்கம் எனலாம். பாமரும் அந்த யோசனையை மனமார ஏற்றுக்கொண்டார். திறந்த மரப்பாலத்தின் ஆயுளைத் தம் அனுபவத்தில் அறிந்தவர் அவர்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாதுகாப்பு வேலைகள் அனைத்தும் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் பிறக்கின்றன. எந்தப் பழுதைப் பார்த்தாலும், எந்தச் செலவைத் திட்டமிட்டாலும், "தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, வந்த தண்ணீர் எங்கே தங்குகிறது" என்ற கேள்வியை முதலில் எழுப்பப் பழகிக்கொள்ளுங்கள்.

சட்டகத்தின் வகையை அடையாளம் காணுங்கள்

பாலத்துக்குள் நுழைந்ததும் கூரையை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பு பக்கவாட்டில் பாருங்கள். சட்டகத்தின் அமைப்பு, பாலம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது, கட்டியவர் எந்த மரபில் பயின்றவர் என்பதற்கான முதல் தடயம். நடுவில் ஒரு செங்குத்து மரமும் அதற்கு இருபுறம் சாய்ந்து தாங்கும் மரங்களும் இருந்தால் அது சிற்றாறுகளுக்கான மிகப் பழைய எளிய முறை. பல செங்குத்து மரங்களோடு ஒரு பெரிய வளைவும் சேர்ந்து ஓடினால், அது தியோடர் பர் 1817இல் காப்புரிமை பெற்ற முறை. பென்சில்வேனியாவில் இது மிகுதி. சாய்வு மரங்களுக்கு நடுவே செங்குத்தாக இரும்புக் கம்பிகள் ஓடி, அவற்றின் முனையில் திருகு மரைகள் இருந்தால், அது வில்லியம் ஹோவ் 1840இல் காப்புரிமை பெற்ற முறை. மரத்திலிருந்து இரும்புக்கு மாறிய காலத்தின் அடையாளம்.

வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பகுதிகளில் நீங்கள் அதிகம் காணப்போவது இத்தியேல் டவுன் என்னும் கட்டடக் கலைஞரின் பின்னல் சட்டகம். 1820இலும் மேம்பட்ட வடிவத்துக்காக 1835இலும் அவர் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ மூன்று அங்குலப் பருமனும் பத்து முதல் பன்னிரண்டு அங்குல அகலமும் கொண்ட பலகைகளைக் குறுக்கும் மறுக்கும் சாய்த்து, அவை ஒன்றையொன்று வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் ஓக் மரத்தில் கடைந்த ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தடிமனுள்ள மர ஆணிகளை அடித்து இறுக்குவதே இம்முறை. சாதாரணக் குறுக்கீடுகளில் இரண்டு ஆணிகளும், பாலத்தின் நீளத்துக்கு ஓடும் அடிச் சட்டத்தோடும் மேல் சட்டத்தோடும் சேரும் இடங்களில் மூன்று, நான்கு ஆணிகளும் இருக்கும். பெருந்தச்சர்கள் மட்டுமே செய்யக்கூடிய நுணுக்கமான பொருத்துத் துளைகள் தேவையில்லை. ஊர் மர அறுவை ஆலையில் கிடைக்கும் ஒரே அளவுப் பலகையும், துளையிடத் தெரிந்த ஆட்களும் போதும். டவுன் தம் முறையைப் பயன்படுத்த அடிக்கு ஒரு டாலர் கேட்டார். அனுமதி பெறாமல் கட்டியது தெரியவந்தால் அடிக்கு இரண்டு டாலர் கேட்டார். கட்டியவர் எந்த முறையை ஏன் தேர்ந்தார் என்று எழுதும்போது இந்தக் கட்டணத்தையும் நினைவில் கொள்ளுங்கள். நியூ ஹாம்ப்ஷயரின் லிட்டில்டன் ஊர்ப் பாலத்தச்சரான பீட்டர் பேடல்ஃபோர்டின் முறை காப்புரிமை இல்லாமலேயே அந்த வட்டாரத்தில் பரவியது.

மரத்திலேயே இன்னும் சில தேதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. பழைய மரத்தின் முகத்தில் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ரம்பத்தின் கீறல்கள் நேர்க்கோடுகளாக அடுத்தடுத்து இருந்தால் மேலும் கீழும் ஓடும் பழைய ஆலை ரம்பத்தில் அறுத்தது; வில் போல வளைந்திருந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்தது. அந்த வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வட்ட ரம்பம் பரவலாயிற்று. பொருத்துத் துளைகள் கொண்ட சட்டகங்களில், மரங்கள் சேரும் இடத்தில் உளியால் வெட்டிய ரோம எண்கள் தென்படும். தரையில் வைத்து ஒருமுறை பொருத்திப் பார்த்துப் பிரித்து, பின்பு ஆற்றின் மேல் மீண்டும் கோத்தபோது எந்த மரம் எங்கே என்று தெரிவதற்காகத் தச்சர்கள் இட்ட குறிகள் அவை. பலகையில் அடித்திருக்கும் ஆணிகள் தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணிகளா, கம்பியிலிருந்து செய்த உருண்டை ஆணிகளா என்றும் பாருங்கள். உருண்டை ஆணிகள் என்றால் அந்தப் பலகை பெரும்பாலும் 1890க்குப் பின் மாற்றப்பட்டது. ஆனால் பலகையின் வயதைப் பாலத்தின் வயதாகக் கொண்டுவிடக் கூடாது.

எழுத்து ஆவணங்களைத் தேடும் வழி

ஊருக்குள் வழங்கும் கதைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஆனால் ஒவ்வொன்றுக்கும் எழுத்துச் சான்று கிடைக்கும் வரை அதை வரலாறாக எழுதாதீர்கள். தேடலைத் தொடங்க ஏற்ற இடம் ஊர் எழுத்தர் அலுவலகம். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்தின் ஊர்களில் பாலம் கட்டுவதும் பழுது பார்ப்பதும் ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டன. வெர்மான்ட்டில் இன்றும் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் கூடி, வரவு செலவை ஒப்புக்கொள்கிறது. பழைய கூட்டக் குறிப்புகளிலும் ஆண்டுக் கணக்குகளிலும் பலகை வாங்கியது, தச்சருக்குக் கூலி கொடுத்தது, கூரை வேயும் மெல்லிய மரத் தகடுகளான சிராய்களை மாற்றியது என எல்லாம் வரிவரியாக இருக்கும். குளிர்காலத்தில் பாலத்துக்குள் பனி பரப்பியதற்குக் கொடுத்த கூலியும் அந்தக் கணக்குகளில் வரும். கூரை இருப்பதால் உள்ளே பனி விழாது. சறுக்கு வண்டிகள் வெறும் பலகையில் இழுபடாமல் இருக்க, ஆட்களை வைத்து வெளியிலிருந்து பனியை அள்ளிப் போட்டார்கள். இத்தகைய சிறு வரி ஒன்று, பாலம் அந்த ஆண்டில் புழக்கத்தில் இருந்தது என்பதற்குக் கல்வெட்டுக்கு நிகரான சான்றாகும்.

சுங்கம் வசூலித்த பாலமாக இருந்தால் அதைத் தனியார் குழுமம் ஒன்று கட்டியிருக்கும். குழுமத்துக்கு மாநிலச் சட்டமன்றம் வழங்கிய உரிமப் பத்திரம் மாநில ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். 1860களிலும் 1870களிலும் வெளிவந்த மாவட்ட நிலப்படத் தொகுப்புகளில் சாலையும் ஆலையும் வீட்டுக்காரர் பெயரும் குறிக்கப்பட்டிருக்கும். பழைய நாளிதழ்கள் பல இப்போது இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. வெள்ளம் வந்த மாதங்களின் இதழ்களை விடாமல் பாருங்கள். 1927 நவம்பர் வெள்ளம் வெர்மான்ட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலங்களைக் கொண்டுபோயிற்று. உங்கள் பாலம் அதற்குப் பின்னும் நின்றதா, அல்லது வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டதா என்பதை அந்த ஆண்டுச் செய்திகள் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் வரலாற்றுப் பொறியியல் பதிவேடு என்ற தொகுப்பு இருக்கிறது. கூரைப் பாலங்கள் பலவற்றை அளந்து வரைந்த படங்களும் ஒளிப்படங்களும் வரலாற்று அறிக்கைகளும் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பாலங்களுக்கு ஆர்வலர்கள் வழங்கியிருக்கும் எண் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று பகுதிகளாக எழுதும் அந்த எண்ணில் முதலாவது மாநிலத்தையும், அடுத்தது மாவட்டத்தையும், கடைசியானது பாலத்தையும் குறிக்கும். மாநிலங்களை அகரவரிசைப்படி எண்ணியிருப்பதால் வெர்மான்ட் 45 என்றும் நியூ ஹாம்ப்ஷயர் 29 என்றும் தொடங்கும். ஒரே ஊரில் மூன்று பாலங்கள் ஒரே பெயரில் அழைக்கப்படும் குழப்பம் இந்த எண்ணால் தீர்கிறது.

ஒரு பாலத்தின் வரலாற்றை எப்படிக் கோத்து எழுதுவது என்பதற்கு, கனெக்டிகட் ஆற்றின் மீது நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷ் ஊரையும் வெர்மான்ட்டின் வின்ட்சர் ஊரையும் இணைக்கும் பாலத்தை மாதிரியாகக் கொள்ளலாம். அந்த இடத்தில் முதல் பாலம் 1796இல் எழுந்தது. அதுவும் அதற்குப் பின் வந்த இரண்டும் வெள்ளத்தில் போயின. இப்போது நிற்கும் நான்காம் பாலத்தை ஜேம்ஸ் டாஸ்கர், பேலா ஃபிளெட்சர் என்ற இருவர் 1866இல் 9,000 டாலரில் கட்டினர். ஏறத்தாழ 450 அடி நீளம். ஆற்றின் நடுவே ஒரே ஒரு தூண். டவுனின் பின்னல் முறையே என்றாலும், மெல்லிய பலகைகளுக்குப் பதிலாகக் கனத்த சதுர மரங்களை ஒன்றுக்கொன்று வெட்டிப் பதித்துச் செய்திருக்கிறார்கள். குதிரைகளை நடத்தியே செல்ல வேண்டும், மீறினால் இரண்டு டாலர் அபராதம் என்ற அறிவிப்புப் பலகையை வாயிலில் இன்றும் படிக்கலாம். சீராகக் குளம்படித்து ஓடும் குதிரைகளின் அதிர்வு சட்டகத்தைத் தளர்த்திவிடும் என்ற அச்சம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. 1936இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் அதை வாங்கியது. 1943இல் சுங்கம் நீக்கப்பட்டது. இரு மாநிலங்களுக்கும் எல்லை ஆற்றின் நடுவில் அல்லாமல் வெர்மான்ட் கரையோரமாகச் செல்வதால் பாலத்தின் பெரும்பகுதி நியூ ஹாம்ப்ஷயருக்கு உரியது. பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதும் இதிலிருந்தே புரியும். கட்டியவர், செலவு, முறை, முன்னிருந்தவை, உடைமை, சுங்கம், பழுது ஆகிய இந்த ஏழையும் உங்கள் பாலத்துக்கும் தேடிப் பெற்றுவிட்டால் வரலாற்றின் எலும்புக்கூடு கையில் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பாலத்தை நேரில் சோதிக்கும் முறை

முதலில் உடைமையாளரிடம் அனுமதி பெறுங்கள். பொதுச் சாலையில் இருபது அடிக்கு மேல் நீளமுள்ள பாலங்களை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசு சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்க நடுவண் விதி; அந்தச் சோதனை அறிக்கைகளைக் கேட்டுப் பெற்றுப் படித்துவிட்டுப் போனால் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கும். பொறியாளரின் வேலையை நீங்கள் செய்யப்போவதில்லை. ஆனால் அவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவார். நீங்கள் மழை பெய்யும்போதே போகலாம்.

உண்மையில் மழை பெய்யும்போதுதான் போக வேண்டும். கூரையில் எங்கே ஒழுகுகிறது, பக்கப் பலகையில் எந்த இடுக்கு வழியாகச் சாரல் அடிக்கிறது, சாலையில் ஓடிவரும் நீர் பாலத்துக்குள் நுழைகிறதா, நுழைந்தால் எந்தப் பக்கம் வடிகிறது என்பவற்றை வெயில் நாளில் யாராலும் சொல்ல முடியாது. வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஈரம் கண்ட இடங்களையெல்லாம் அதில் குறியுங்கள்.

அடுத்து இரு முனைகளுக்கும் வாருங்கள். என் அனுபவத்தில் மரப்பாலத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. கரையோரக் கற்சுவரின் மேல் படுக்கை மரங்கள் கிடக்கும். அவற்றின் மேல் சட்டகத்தின் அடி உட்கார்ந்திருக்கும். வண்டிச் சக்கரங்கள் சாலையிலிருந்து கொண்டுவரும் மண்ணும் சரளையும், பனிக்காலத்தில் தூவிய உப்பும், பின்னல் பலகைகளின் கால்களுக்கு இடையே வந்து சேர்ந்து கெட்டியாகிவிடும். அந்த மண்ணை விரலால் கிளறிப் பாருங்கள்: ஒரு வாரம் மழையே இல்லாமல் இருந்தாலும் உள்ளே கறுப்பாக, சில்லென்று, ஈரமாக இருக்கும், சில இடங்களில் புல்கூட முளைத்திருக்கும். மண்ணை விலக்கிவிட்டுத் திருப்புளியின் நுனியை மரத்தில் வைத்து அழுத்துங்கள். நல்ல மரத்தில் அது கால் அங்குலம்கூட இறங்காது. கைக்கு எதிர்ப்பே தெரியாமல் உள்ளே போனால், வெளித் தோற்றம் எவ்வளவு திடமாக இருந்தாலும் அந்த மரம் பாரம் தாங்கும் நிலையில் இல்லை. சுத்தியலால் தட்டியும் கேளுங்கள்: நல்ல மரம் "ணங்" என்று ஒலிக்கும், உள்ளே இற்றுப்போனது "பொத்" என்னும். ஈரமானி கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சையால் வேலை செய்ய முடியாது. முனைகளில் 30க்கு மேல் காட்டினால் அங்கே அழிவு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

பிறகு ஒரு முனையில் நின்று, சட்டகத்தின் அடிச் சட்டத்தை ஒட்டிக் கண்ணை வைத்து மறுமுனை வரை பாருங்கள். கட்டும்போது நடுப்பகுதியைச் சற்றே மேல்நோக்கி வளைத்துத்தான் கட்டியிருப்பார்கள். இப்போது அது நேராகியிருந்தால் சட்டகம் தளர்ந்திருக்கிறது. கீழ்நோக்கித் தொய்ந்திருந்தால் உடனே பொறியாளரை அழைக்க வேண்டும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். சிறு துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் தென்பட்டால் மரம் துளைக்கும் வண்டு குடியிருக்கிறது. நார் நாராகத் துருவிய தூள் குவிந்திருந்தால் தச்செறும்பு. வண்டோ எறும்போ வந்ததற்குப் பின்னாலும் பெரும்பாலும் ஈரமே காரணமாக இருக்கும்.

ஆண்டு தோறும் செய்ய வேண்டிய பராமரிப்பு

இது மிக மலிவான வேலை. பல இடங்களில் செய்யாமல் விடப்படுவதும் இதுவே. இளவேனிலில் முனைகளில் சேர்ந்த மண்ணைத் துடைப்பத்தாலும் கைக்கரண்டியாலும் முழுவதுமாக அகற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது எளிதாகத் தோன்றும். ஆனால் மூட்டுகளுக்குள் நீரை நாமே செலுத்துவதாக ஆகிவிடும். படுக்கை மரத்துக்கும் கற்சுவருக்கும் இடையே காற்றோட்டம் இருக்க வேண்டும். சுவரையொட்டி வளர்ந்த புதரையும் செடியையும் வெட்டிவிட வேண்டும். நிழலும் இலைச்சருகும் சேர்ந்தால் அந்தப் பக்கம் காயாது. சாலையின் சரிவு பாலத்தை நோக்கி இருந்தால், வாயிலுக்கு முன்பே குறுக்கே வடிகால் வெட்டி நீரைப் பக்கத்துக்குத் திருப்ப ஊர்ச் சாலைப் பணியாளர்களிடம் கேளுங்கள். இந்த ஒரு வடிகால், பல்லாயிரம் டாலர் செலவாகும் பழுதை ஒத்திப்போட வல்லது.

கூரை பழைய காலத்தில் மரச் சிராய்களால் வேயப்பட்டது. இன்று பல பாலங்களில் உலோகத் தகடு போட்டிருக்கிறார்கள். பழைமைப் பற்றுள்ள சிலருக்கு அது உறுத்தலாக இருந்தாலும், பனி விரைவில் சறுக்கி விழுவதால் சட்டகத்தின் மீது பாரம் குறைகிறது, ஒழுகலும் குறைவு. கூரை தேய்ந்தே தீரும் பகுதி; சட்டகத்தைக் காக்க அது எதனால் ஆகியிருந்தாலும் நான் ஏற்பேன். பக்கப் பலகைகளும் அப்படியே. ஆனால் உட்புறச் சட்டகத்தில் வண்ணமோ தாரோ பூசாதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுவிடும். போரேட் உப்புக் கரைசல் பூஞ்சையையும் வண்டையும் தடுக்கும் என்றாலும், நனையும் இடத்தில் அது கரைந்து போய்விடும். ஆகவே நீரை நிறுத்திய பிறகுதான் அதற்குப் பயன் உண்டு.

பெரிய பழுது: எதை மாற்றுவது, எதை விடுவது

படுக்கை மரங்கள் பலியாவதற்கென்றே வைக்கப்பட்டவை. கல்லிலிருந்து ஏறும் ஈரத்தைச் சட்டகத்துக்குப் போகவிடாமல் தாமே ஏற்று இற்றுப்போவதுதான் அவற்றின் வேலை; அவற்றை மாற்றத் தயங்க வேண்டாம். பின்னல் பலகையின் கால் மட்டும் இற்றிருந்தால் பலகை முழுவதையும் கழற்றுவது பிழை. இற்ற பகுதியைச் சாய்வாக வெட்டி எடுத்து, அதே இனத்து மரத்தை ஒட்டுப் போட்டு, மர ஆணியால் இறுக்கும் முறையைத் தெரிந்த மரச் சட்டகத் தச்சர்கள் நியூ இங்கிலாந்தில் இருக்கிறார்கள். ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்துக்கு ஸ்புரூஸ், ஓக் ஆணிக்கு ஓக் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். புதிய துண்டின் மறைவான முகத்தில் ஆண்டைச் சூட்டுக்கோலால் பொறித்துவிட்டால், பின்னால் வருவோர் பழையது எது, புதியது எது என்று குழம்ப மாட்டார்கள்.

தொய்ந்த பாலத்தை நிமிர்த்துவது அவசர வேலை அன்று. ஆற்றில் தற்காலிகத் தாங்கிகளை நிறுத்தி, ஜாக்கிகளால் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வோர் உயர்வுக்குப் பின்னும் மூட்டுகள் இடம் பிடிக்கக் காலம் கொடுத்துத்தான் பழைய மேல்வளைவை மீட்க முடியும். கார்னிஷ்–வின்ட்சர் பாலம் தொய்வின் காரணமாக 1987இல் மூடப்பட்டு, பெரும் சீரமைப்புக்குப் பின் 1989இல் திறக்கப்பட்டது. அதன் அடிச் சட்டங்களுக்கு, மரத் துண்டுகளை அடுக்கி ஒட்டிய உறுதியான ஒட்டுமரங்களைப் பயன்படுத்தினார்கள். அவ்வளவு நீளமும் தடிமனும் கொண்ட ஒரே மரம் இன்றைய காடுகளில் எளிதில் கிடைக்காத நிலையில், அந்த முடிவால் பாலம் இன்றும் தன் சட்டகத்தாலேயே வண்டிகளைச் சுமக்கிறது.

இங்கேதான் பெரிய கருத்து வேறுபாடு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் பல ஊர்கள் தளப்பலகைக்குக் கீழே எஃகு உத்திரங்களை நுழைத்துப் பாரத்தை அவற்றின் மீது ஏற்றிவிட்டன. மரச் சட்டகம் அதன்பின் தன்னையும் கூரையையும் மட்டும் தாங்கும் அலங்காரமாக நிற்கிறது. தீயணைப்பு வண்டியும் பள்ளிப் பேருந்தும் வேறு வழியில்லாமல் அந்தப் பாலத்தில்தான் போக வேண்டும் என்னும் ஊரில் இந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். மாற்றுப் பாதை உள்ள இடத்தில், எடை வரம்பைக் குறைத்துச் சட்டகத்தையே வேலை செய்ய விடுவதுதான் சரி என்று வாதாடுங்கள். பாரம் சுமக்காத சட்டகத்தின் மூட்டுகளை யாரும் கவனிப்பதில்லை. நடுவண் அரசின் பணம் வருமானால், 1966ஆம் ஆண்டு தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, வேலை தொடங்குவதற்கு முன்பே வரலாற்று மதிப்புக்கு நேரும் பாதிப்பை ஆராய்ந்து கருத்துக் கேட்க வேண்டும். உங்கள் வாதத்தை எழுத்தில் வைக்க உரிய இடம் அதுவே. கூரைப் பாலங்களுக்கென்றே நடுவண் நிதித் திட்டம் ஒன்று 1998இல் ஏற்படுத்தப்பட்டது. இத்தகைய திட்டங்களுக்கு ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், மாநிலப் போக்குவரத்துத் துறையில் கேட்டுத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

தச்சுக்கலை இன்னும் உயிரோடிருக்கிறது என்பதைச் சந்தேகிப்போருக்கு வெர்மான்ட்டின் வுட்ஸ்டாக் ஊரின் நடுப் பாலத்தைக் காட்டலாம். மில்டன் கிராட்டன் என்னும் பாலத்தச்சர் 1969இல் டவுனின் பின்னல் முறையில் மர ஆணிகளால் அதைப் புதிதாகக் கட்டி, எருதுகளைக் கொண்டு ஆற்றின் குறுக்கே இழுத்து நிறுத்தினார். 1974இல் தீ வைக்கப்பட்டுச் சிதைந்தபோதும் அது மீண்டும் சீரமைக்கப்பட்டது.

தீ, வெள்ளம், உயரமான லாரி

நீர் மெல்லக் கொல்வது. இவை மூன்றும் ஒரே நாளில் கொல்பவை. இந்தியானாவின் பிரிட்ஜ்டன் பாலம் 2005 ஏப்ரலில் தீவைப்பால் எரிந்தது. ஊரார் அடுத்த ஆண்டே புதிதாகக் கட்டினார்கள். அயோவாவின் மேடிசன் மாவட்டத்தில் 1883இல் கட்டப்பட்ட சீடர் பாலம் 2002இல் எரிக்கப்பட்டு, 2004இல் மீண்டும் கட்டப்பட்டு, 2017இல் மறுபடியும் எரிக்கப்பட்டு, 2019இல் மூன்றாம் முறையாக எழுந்தது. பாலத்துக்குள்ளும் அடியிலும் சருகும் குப்பையும் சேரவிடாமல் இருப்பதும், இரவில் விளக்கு எரிவதும், வெப்பத்தை உணர்ந்து தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி அனுப்பும் கம்பிகளும், கண்காணிப்புக் கேமராவும் உதவும். தீத்தடுப்புப் பூச்சு பூசுவதற்கு முன், அது மரத்தின் ஈரப்போக்கை அடைக்குமா என்று கேட்டுத் தெளியுங்கள்.

வெள்ளத்தில் பெரும்பாலும் கரைதான் முதலில் தோற்கிறது. 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் மழையில், வெர்மான்ட்டில் வில்லியம்ஸ் ஆற்றின் மீது 1870இல் சான்ஃபோர்டு கிரேஞ்சர் கட்டிய பார்ட்டன்ஸ்வில் பாலம் சாய்ந்து ஆற்றில் போயிற்று. அதே நாளில் நியூயார்க் மாநிலத்தில் நிக்கோலஸ் பவர்ஸ் 1855இல் கட்டிய பிளென்ஹைம் பாலமும் போயிற்று. நடுவில் தூணே இல்லாமல் இருநூறு அடிக்கு மேல் தாவி நின்ற அரிய பாலம் அது. பார்ட்டன்ஸ்வில்லில் 2013 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய பாலமும் பின்னல் முறையிலேயே, பழையதைவிடச் சற்று நீளமாக அமைந்தது. ஆற்றுக்கு அதிக இடம் விடுவது நல்ல பாடம். உங்கள் பாலத்தின் கற்சுவர் அடியில் ஆறு அரித்துக் குழி பறித்திருக்கிறதா என்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் பாருங்கள். குழியைப் பெருங்கற்கள் இட்டு நிரப்புவது, சட்டகத்தில் செய்யும் எந்தப் பழுதையும்விட முந்தியது.

உயரமான லாரிகளால் வரும் சேதத்துக்கு, வெர்மான்ட்டின் லிண்டன் ஊரில் உள்ள மில்லர்ஸ் ரன் பாலம் சான்று; வாகன வழிகாட்டிக் கருவியை நம்பி வரும் பெட்டி லாரிகள் அதன் வாயிலில் மீண்டும் மீண்டும் மோதின. எச்சரிக்கைப் பலகை மட்டும் போதாது. லாரி திரும்பிப் போக இடமுள்ள தொலைவிலேயே, பாலத்தின் உயரத்துக்குச் சமமான குறுக்குச் சட்டம் ஒன்றைச் சாலையின் மேல் நிறுத்த ஊராட்சியிடம் கேளுங்கள்.

பதிவேடு

பார்த்ததையும் செய்ததையும் எழுதும் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். தேதி, வானிலை, ஈரமானியின் அளவுகள், எந்த எண்ணுள்ள மரத்தில் எந்தப் பழுது, யார் செய்தார், என்ன மரம், எவ்வளவு செலவு என்பவை அதில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் இரு வாயில்களையும், இரு சட்டகங்களின் நான்கு முனைகளையும், அடிச் சட்டத்தின் நீளப் பார்வையையும் படம் எடுங்கள். சட்டகம் தொய்கிறதா என்பதைப் பத்து ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்தால் கண்ணே சொல்லிவிடும். பதிவேட்டின் ஒரு படியை ஊர் எழுத்தர் அலுவலகத்திலும், இன்னொன்றை ஊர் வரலாற்றுச் சங்கத்திலும், மூன்றாவதை மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு, அடுத்த பார்வைக்கான நாளையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். பனி உருகி ஆற்றில் நீர் வடியும் ஏப்ரல் கடைசி வாரம் அதற்குப் பொருத்தமானது.